பெயர் எழுதாத பொட்டலம்

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்த காலத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பெயர் உண்டு: சிவப்பு பென்சில். மருந்துக் கவரை நோயாளியிடம் நீட்டுமுன் அதன் மேல் மருந்தின் பெயரைச் சிவப்பு பென்சிலால் தமிழில் எழுதிவிடுவேன். சில மருந்துகளுக்குக் கீழே இன்னொரு வரியும் சேரும்: ‘டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.’ ஒரு கவருக்கு அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள், “சார் பேசாம வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்” என்று கிண்டலடிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே இருப்பேன்.

போன மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பொத்தேரிப் பக்கம் பார்மசி படித்துவிட்டு, நான் விட்டுவந்த அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருப்பவள். இப்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் அச்சடித்துத் தந்துவிடுகிறதாம். “உங்க வரியும் அதுல வருது சார், நிறுத்தக் கூடாதுன்னு. யாரும் எழுதாத காலத்துல நீங்க மட்டும் ஏன் சார் எழுதினீங்க?” என்று கேட்டாள். காபி கொடுத்துப் பேச்சை மாற்றி அனுப்பிவைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுபது வயதுக்கு மேல் இன்னும் எதற்காக மழுப்புகிறேன்? அதனால் இதை எழுதுகிறேன்.

நான் கம்பவுண்டர் படிப்பை முடித்தது அறுபதுகளின் கடைசியில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளக்கவும் அரைக்கவும் டாக்டர்களின் கிறுக்கலை வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். முடித்த கையோடு, மகாபலிபுரத்துக்குத் தெற்கே மீனவக் குப்பம் ஒன்றை ஒட்டியிருந்த கிளினிக்கில் வேலை கிடைத்தது. டாக்டர் செங்கல்பட்டிலிருந்து திங்கள், புதன், வெள்ளியில் ஸ்கூட்டரில் வருவார். மற்ற நாட்களில் நான் மட்டும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, காயத்துக்குக் கட்டுப் போடுவேன். வழக்கமாக வாங்குபவர்களுக்கு மருந்து கொடுப்பேன்.

டாக்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நோயாளி உட்கார்ந்ததும் அவர் முதலில் கையைப் பிடிப்பார், நாடி பார்க்க இல்லை. விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரலால் அழுத்துவார். அழுத்தும்போது விரலைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். எந்தக் கணுவில் முகம் சுளிக்கிறதோ அங்கே நிறுத்தி, “எத்தனை நாளா?” என்பார். மீன் கூடை தூக்கும் பெண்கள் வந்தாலும் வலை இழுத்துத் தோள் போனவர்கள் வந்தாலும் ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை. ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரியும். பார்த்து முடித்ததும் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். துண்டில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “மூணாம் நம்பர்” என்பார். அவ்வளவுதான்.

மூன்றாம் நம்பர் என்பது எங்களுக்குள் மட்டும் புழங்கிய பெயர். ஆஸ்பிரின், வயிறு எரியாமலிருக்க ஒரு வெள்ளை மாவு மருந்து, அவற்றோடு பிரட்னிசலோன். ஸ்டீராய்டு என்று இன்று எல்லாருக்கும் தெரிகிற சாமான்தான். காலையில் அதைத் தயாரிப்பதுதான் என் முதல் வேலை. பிரட்னிசலோன் மாத்திரைகளைப் பீங்கான் கல்வத்தில் போட்டு, முதலில் குத்தி உடைத்து, பிறகு வட்டமாக அரைப்பேன். அது எவ்வளவு இருக்கிறதோ அதே அளவுக்கு மற்ற மருந்தைச் சேர்த்து அரைப்பேன். வந்த மொத்தத்துக்கும் அதே அளவு மறுபடி. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால்தான் எல்லாப் பொட்டலத்திலும் ஒரே அளவு இறங்கும். கடைசியில் துளி ரோஸ் சாயம். கண்ணாடிப் பலகையில் பரப்பி, கத்தியால் கோடு போட்டுப் பிரித்து, சதுரக் காகிதத்தில் வைத்து மடிப்பேன். மடிப்பில் நான் கெட்டிக்காரன், கவிழ்த்துத் தட்டினாலும் தூள் சிந்தாது.

பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதக் கூடாது. அது டாக்டரின் கட்டளை. “பேர் தெரிஞ்சா அவங்களே கடையில வாங்கி, ஒண்ணுக்கு நாலாப் போட்டுக்குவாங்க. நம்மகிட்ட இருந்தாத்தான் அளவு நம்ம கையில இருக்கும்” என்பார். ரோஸ் சாயமும் அதற்காகத்தான். வெள்ளையாக இருந்தால் மாத்திரைத் தூள் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். அவர் சொன்னதில் பாதி உண்மை, மீதிப் பாதிக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் வெளிவாசல் வரை நின்றபோது, கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “இதைத் தொடங்கறது சுலபம்பா. ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கு மட்டும் திடீர்னு நிறுத்திடாதே. படி இறங்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்.” சரி சார் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கன்னியம்மா முதன்முதலாக வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஏழுமலை கட்டுமரக்காரன். பவுனு என்று ஒரே பெண். கன்னியம்மா காலையில் கரையில் மீன் எடுத்து, பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்துக்குப் போய் விற்றுவிட்டு வருபவள். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கி, விடிந்தால் மீன் நறுக்கும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை என்று வந்தாள். “விரலு மடங்க மாட்டேங்குது சார். தலை முடி முடிய முடியல. எம் பொண்ணு முடிஞ்சி வுடுது” என்று டாக்டரிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. டாக்டர் கணுக்களை அழுத்தினார். எல்லாக் கணுவிலும் முகம் சுளித்தாள். “மூணாம் நம்பர்” என்றார்.

பத்தே நாளில் கூடையோடு வாசலில் வந்து நின்று, பத்து விரலையும் விரித்து மடக்கிக் காட்டினாள். “பாத்தியா அண்ணாத்த, உன் பொட்டலம் இன்னா வேலை பண்ணிகீது!” என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை. ஏதோ நானே வைத்தியம் பார்த்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒன்றே முக்கால் வருஷம் சாப்பிட்டாள். முகம் உருண்டையானது. “சதை போட்டுட்ட கன்னியம்மா” என்று குப்பத்தில் எல்லாரும் மெச்சினார்கள். கையும் காலும் மெலிந்து, வயிறும் பிடரியும் மட்டும் தடித்தன. கூடை லேசாக இடித்தாலும் கையில் ஊதாத் திட்டு விழும். இடுப்பில் புதிதாக ஒரு வலி வந்தது, அதற்கும் அதே பொட்டலத்தைத்தான் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரும் பார்த்தார். ஒருமுறை பாதியாகக் குறைத்துப் பார்த்தார். நாலாம் நாளே விரல் மடங்கவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள், பழையபடி கொடுத்தோம்.

அடுத்த சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்டர் வராத நாள். கன்னியம்மா உள்ளே வராமல் வேலிப்படலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

“அண்ணாத்த! வூட்ல அம்மா வந்துகீறா. பவுனுக்கு மேலெல்லாம் முத்து போட்டுகீது. நான் உள்ள வரக் கூடாது.”

பவுனுக்குப் பன்னிரண்டு வயது அப்போது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிவிட்டால், மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை மருந்து மாத்திரை எதுவும் அந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அம்மை கண்டவருக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் அது பொருந்தும்.

“பொட்டலம் ஒரு வாரத்துக்குக் கீது. எங்க வூட்டுக்காரரு துண்ணக் கூடாதுன்றாரு. நீ இன்னா சொல்ற?”

உள்ளே ஒரு ஆள் காலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். அம்மை வீட்டுக்காரியை வாசலில் நிற்கவைத்துப் பேசினால் மற்றவர்கள் முகம் கோணுவார்கள். என் வீட்டிலும் இதே வழக்கம்தான். நான் யோசிக்கவே இல்லை.

“வேணாம்மா. மூணு தண்ணி ஊத்தினப்புறம் வா. பத்து நாள்தானே, கொஞ்சம் வலி பொறுத்துக்க” என்றேன்.

“நீயே சொல்லிட்டியா, அப்ப சரி” என்று போனாள்.

படி இறங்குவது போல இறக்கணும் என்று டாக்டர் சொன்னது எங்கே போயிற்று? எனக்கே தெரியாது. எத்தனையோ ராத்திரி இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுநாள் டாக்டர் வந்தபோதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. இந்த மருந்தின் சாயலில் ஒன்றை அதுவே தினமும் சுரக்கிறது. அது இல்லாமல் உயிர் தரிக்காது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் கொடுத்தால், நமக்கென்ன வேலை என்று அந்தச் சுரப்பி தூங்கிவிடும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அது உடனே விழிக்காது. அப்போது உடம்புக்கு வெளியிலும் கிடையாது, உள்ளேயும் கிடையாது.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை நாலு பேர் கயிற்றுக்கட்டிலில் கன்னியம்மாவைத் தூக்கிவந்தார்கள். மூன்று நாளாக வாந்தி. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் ‘ம்’ என்றாள். கை சில்லிட்டிருந்தது. அன்றும் டாக்டர் வரும் நாள் இல்லை. அவளைப் பார்த்த கணத்தில், துண்டில் கை துடைத்துக்கொண்டே டாக்டர் பேசியது அப்படியே என் காதில் திரும்பி வந்தது. மகாபலிபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஓடும் அம்பாசிடர் ஒன்றைப் பிடித்துவந்து, ஏழுமலையையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன்.

எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வார்டில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல், ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பார். ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் ஏற்றச் சொன்னார். பிறகு கன்னியம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, புடவையை விலக்கி வயிற்றில் ஓடிய ஊதாக் கோடுகளை விரலால் தடவினார்.

“என்ன மருந்து சாப்பிட்டுட்டிருந்தாங்க?”

“கைகால் வலிக்குப் பொட்டலம்மா. இவருதான் குடுப்பாரு” என்றான் ஏழுமலை. 

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “பொட்டலத்துல என்ன?”

“வலி மருந்துங்க. ஆஸ்பிரின்” என்றேன்.

“ஆஸ்பிரின் மட்டுமா?”

“ஆமாங்க.”

இதைத்தான் போன மாதம் வந்த அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாமல் காபி கொடுத்து அனுப்பினேன். டாக்டரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போலீஸ் வரும் என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்தவளை நினைக்கவில்லை. எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. பதினொன்று ஐந்துக்குப் பொய் சொன்னேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடி, “அம்மா, அதுல பிரட்னிசலோன் இருக்கு. ஒண்ணே முக்கால் வருஷம். ஒம்பது நாளா நிறுத்தியாச்சு. நான்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றேன். 

அவர் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “எத்தனை மில்லிகிராம்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே வார்டுக்குள் ஓடினார். அதே வகை மருந்தான ஹைட்ரோகார்டிசோன் ஊசியை அவரே நரம்பில் போட்டார். அரை மணி நேரத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. கன்னியம்மா கண்ணைத் திறந்து, “பவுனு துண்ணுச்சா?” என்று கேட்டாள். மூன்று மணிக்குச் செத்துப்போனாள்.

டாக்டரம்மா கேஸ் தாளை எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “முன்னாலேயே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல மாட்டேன். நீங்க போகலாம்” என்றார். அதைவிட அறைந்திருக்கலாம்.

வெளியே ஏழுமலை தரையில் குந்தி உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனதும் தலையைத் தூக்கினான்.

“வூட்டுக்கு வந்த அம்மா கோச்சிகினா சார். அதான் தூக்கிகினா. பொட்டலத்தையெல்லாம் நான் வெளிய வலைக் கொட்டாயில சொருவி வெச்சிருந்தேன். அஞ்சாம் நாளு இவ முடியலன்னு கேட்டுகீறா, பவுனு போய் எடுத்தாந்து குடுத்துட்டுகீது. முத்தோட பாயில கெடந்த பொண்ணு, அது கையால குடுத்துகீது! அன்னைக்கு சாயங்காலம் எழுந்து கஞ்சிகூட காய்ச்சினா. நான் பொட்டலப் பேப்பரப் பாத்துட்டு மீதியெல்லாம் கடல்ல போட்டேன். அம்மா வுடுவாளா?”

அந்த ஒரு பொட்டலத்தால்தான் அவள் எழுந்து கஞ்சி காய்ச்சினாள். அவன் கடலில் போட்ட மீதிதான் அவள் உயிர். எனக்கு எல்லாம் புரிந்தது. நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் நான் பொய் சொல்லி நேரம் கடத்தியதும் சேர்ந்துதான் வெளியே வரும். துக்கத்தில் பேசுகிறான், நாலு நாளில் தெளிந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லாமலே, உடலை ஏற்றிப்போக வண்டி பேசப் போனேன்.

டாக்டரிடம் மறுநாள் சொன்னேன். “நான் உனக்குச் சொன்னேனே” என்றார். “சொன்னீங்க சார்” என்றேன். இனிப் பொட்டலமே வேண்டாம் சார் என்றபோது, “இன்னைக்கு நிறுத்தினா இன்னும் இருபது கன்னியம்மா வருவாங்கப்பா” என்றார். அதுவும் நிஜம். ஒவ்வொருவராக இறக்கத் தொடங்கினார். இறக்கியவர்களில் பாதிப் பேர் வலி தாங்காமல், வேறொருவரிடம் இதே பொட்டலத்துக்குப் போய்விட்டார்கள். சில மாதங்களில் எனக்குச் செங்கல்பட்டில் அரசாங்க வேலை கிடைத்தது. குப்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எழுபதுகள் முடியும் சமயம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு இளம்பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு சீட்டை நீட்டினாள். பையனுக்கு மார்ச்சளி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மருந்து பாட்டிலை நீட்டி, ஒரு நாளைக்கு நாலு வேளை என்றேன்.

“சார், நீங்களே ஒரு வேளைய வாய்ல ஊத்திடுங்க.”

“இப்ப ஊத்தறேன். அடுத்த வேளைக்கு?”

“எங்க மாமியா ஊத்தும். வூட்டுக்காரரையும் கூட்டிகினு செய்யூர்ல சாவு வூட்டுக்குப் போய்கீது. நாளானிக்கு வந்துடும்.”

“அது வரைக்கும் பையன் தாங்க மாட்டாம்மா. நீ ஊத்து.”

“நான் குடுக்கக் கூடாது சார். என் கையால மருந்து குடுத்தா ஆவாது.” கூச்சமே இல்லாமல், பிறவிக் குறை ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். “எங்கம்மாவுக்கு நான்தான் குடுத்தேன். செத்துப் போச்சு.”

சீட்டைத் திருப்பிப் பெயரைப் பார்த்தேன். குழந்தையின் பெயருக்குக் கீழே தாய் பெயர்: பவுனு. புருவத்துக்கு மேல் இரண்டு அம்மைத் தழும்பு.

பக்கத்தில் இருந்தவரை ஜன்னலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாட்டிலும் ஸ்பூனுமாக வெளியே வந்தேன். வராந்தாத் தூண் பக்கம் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொட்டலம் அவள் அம்மாவைக் கொல்லவில்லை, ஒரு நாள் எழுப்பி உட்காரவைத்தது அதுதான் என்றேன். நிறுத்தச் சொன்னது யார் என்றும், செங்கல்பட்டில் ஒரு மணி நேரம் இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது யார் என்றும் சொன்னேன். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“அந்தக் கம்பவுண்டரா நீ?” 

தலையை ஆட்டினேன்.

பாட்டிலுக்குக் கையை நீட்டினாள். ஸ்பூனில் ஊற்றினாள். பாதி பையன் சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அவன் விழுங்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு இன்னா பேரு?”

சொன்னேன்.

“எழுதிக் குடு. எனக்குப் படிக்க வராது. வூட்டுக்காரரு படிச்சிச் சொல்வாரு.”

சட்டைப்பையில் சிவப்பு பென்சில்தான் இருந்தது. லேபிள் மேல் தமிழில் எழுதினேன். பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி நின்றாள்.

“எங்க நைனா போன ஐப்பசில செத்துப் போச்சு. சாவற மட்டும் என் கையால ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்கல. நீ ஒரு தபா வந்து சொல்லியிருந்தா குடிச்சிருக்கும்ல, அண்ணாத்த?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். வரிசையில் அடுத்து நின்றவர் சீட்டை நீட்டினார். மருந்தை எடுத்துக் கவரில் போட்டு, மேலே பெயரை எழுதினேன்.